அலைகளுக்கும் ஒரு முறைப்பாசனம்



தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபையின் பெருவெளியில் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கேள்விப்பட்டாவது இருப்பீர்கள். இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இடத்தில் திரண்டிருக்கும்போது, உடன் வந்தவரைத் தவறவிட்ட ஒருவர் கைப்பேசியை எடுத்து அவரை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையின் மூலையில் அலைவலிமையைக் காட்டும் கோடுகள் முழுமையாக இருக்கின்றன. கோபுரமோ கண்ணுக்கு எதிரே நிற்கிறது. இருந்தும் அழைப்பு போக மறுக்கிறது. மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துகிறார், பயனில்லை.

இப்போது இதற்கு நேர்மாறான இன்னொரு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். ஊருக்கு வெளியே ஒரு முந்திரித் தோப்பு. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு கைப்பேசிதான். போட்டிக்கு ஆளில்லாத அந்த இடத்திலும் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. பேசுபவர் ஓரடி நகர்ந்து நின்றால் தெளிவாகிறது. இன்னும் ஓரடி நகர்ந்தால் மறுபடியும் கெடுகிறது.

இவை இரண்டும் ஒரே நோயா? இல்லை. முதலாவது, பங்குக்கு ஆள் மிகுந்ததால் வந்த தொல்லை. இரண்டாவது, அலையே ஏறி இறங்குவதால் வந்த தொல்லை. இதை 'மங்கல்' என்று சொல்வோம். கம்பியில்லாத் தகவல் தொடர்பு வல்லுநர்கள் இவ்விரண்டையும் ஒருசேரச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையும், இரண்டாவது தொல்லையைக் கொண்டே முதல் தொல்லையைக் குறைக்கும் விந்தையையும் இக்கட்டுரையில் காண்போம்.

வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல

நெய்வேலிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுப்பதற்காக நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றுகிறார்கள். அந்நீரின் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று, அங்கிருந்து வயல்களுக்குப் பாய்கிறது. வாய்க்காலில் ஓடும் நீர் ஓர் அளவுக்கு உட்பட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் ஒருவர் வயலும் நிறையாது. அதனால்தான் நம் ஊர்களில் 'முறை' வைத்துப் பாய்ச்சுகிறார்கள். தலைமடைக்காரர் தம் முறை முடிந்ததும் மடையை அடைத்தால்தான் கடைமடைக்காரருக்கு நீர் எட்டும்.

வானலையும் அப்படிப்பட்ட ஒரு வாய்க்கால்தான். பழைய வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். மத்திய அலையில் சென்னை நிலையத்துக்கு 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சிக்கு 936, புதுச்சேரிக்கு 1215 என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அதிர்வெண்ணை ஒதுக்கினார்கள். நம் பகுதி உலகில் மத்திய அலை 531 கிலோஹெர்ட்சில் தொடங்கி 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒன்பது ஒன்பதாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 120 தடங்களே கிடைக்கும். ஒரு நிலையம் பேச, ஆயிரமாயிரம் பேர் கேட்பதாக இருந்தால் 120 தடங்கள் போதும். ஆனால் தொலைபேசியில் ஒவ்வொருவரும் பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும்! ஆளுக்கொரு தடத்துக்கு எங்கே போவது?

இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் வந்த 'ஜி.எஸ்.எம்.' முறையில் கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்ல 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரையும், கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வர 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையும் உள்ள பட்டைகள் பயன்பட்டன. இந்த 25 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 200 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக நறுக்கி, ஓரத்தில் சிறிது இடைவெளி விட்டால் 124 துண்டுகள் கிடைக்கும். இது அதிர்வெண் பங்கீடு. வாய்க்காலைக் கிளை வாய்க்கால்களாகப் பிரிப்பது போன்றது.

இத்துடன் நிற்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் எட்டுப் பேர் முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். ஒரு முறைச் சுற்று முடிய ஏறத்தாழ 4.6 மில்லிவினாடி ஆகும். அதில் எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டுமே உங்களுடையது. அந்த நேரத்தில் உங்கள் கைப்பேசி, சேர்த்து வைத்த பேச்சை எண்களாக்கிச் சட்டென்று அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். சுற்று மிக விரைவாக முடிவதால் பேச்சு அறுபடுவதாகக் காதுக்குத் தோன்றுவதில்லை. இது நேரப் பங்கீடு, நம் முறைப்பாசனமேதான்.

மூன்றாவது வழியும் உண்டு. நெய்வேலி நகரியத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுவோர் அருகருகே வாழ்கிறார்கள். ஒரே கூடத்தில் நான்கு மொழிகளிலும் ஒரே நேரத்தில் பேச்சு நடந்தாலும், தமிழறிந்தவர் காது தமிழைப் பிரித்தெடுத்துவிடும். அதுபோல ஒவ்வொருவர் பேச்சையும் தனித்தனிக் குறிகளால் பெருக்கி, ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் அனுப்பி, பின் குறியைக் கொண்டு பிரித்தெடுக்கலாம். இது குறிப் பங்கீடு. இதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருவர் கத்தத் தொடங்கினால் மற்ற மொழிகள் எல்லாம் அமுங்கிப்போகும். ஆகவே கோபுரத்துக்கு அருகில் உள்ள கைப்பேசி மெல்லவும், தொலைவில் உள்ளது உரக்கவும் பேசும்படி கோபுரம் கட்டளையிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தேன்கூடு தந்த வழி

124 துண்டுகளை எட்டால் பெருக்கினால் 992. நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் 992 உரையாடல்கள்தானா? அதிலும் சில இடங்கள் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போய்விடும். இந்த முட்டுக்கட்டையை உடைத்தது 'செல்' என்ற கருத்து. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947-லேயே எழுதப்பட்ட ஒரு குறிப்பில் இது காணப்படுகிறது.

நாட்டைத் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு கோபுரம். அடுத்தடுத்த ஏழு அறைகளுக்கு எல்லா அதிர்வெண்களையும் பங்கிட்டுக் கொடுங்கள். எட்டாவது அறை வரும்போது முதல் அறையின் அதிர்வெண்ணையே மீண்டும் கொடுக்கலாம். இடையில் போதிய தூரம் இருப்பதால் ஒன்றின் அலை மற்றொன்றை எட்டுவதற்குள் மெலிந்துவிடும். இப்படி ஒரே அதிர்வெண் வடலூரிலும் பயன்படும், விருத்தாசலத்திலும் பயன்படும், சிதம்பரத்திலும் பயன்படும்.

எவ்வளவு மெலியும்? கணக்கிடுவோம். திறந்த வெளியில் அலையின் திறன் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருக்கிறீர்கள். தரையை ஒட்டிச் செல்லும் அலை, தரையில் பட்டு மீண்ட அலையோடு கலப்பதால் இன்னும் விரைவாக, ஏறத்தாழத் தொலைவின் நான்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஏழு அறைத் திட்டத்தில், ஒரே அதிர்வெண் கொண்ட இரு கோபுரங்களுக்கு இடையே உள்ள தொலைவின் இருமடி, அறையின் ஆரத்தின் இருமடியைப் போல 21 மடங்கு (பொது விதி: அறைகளின் எண்ணிக்கை × 3). எனவே நான்மடி 21 × 21 = 441 மடங்கு. அறையின் விளிம்பில் நிற்பவருக்குத் தம் கோபுரத்தின் அலை, குறுக்கிடும் ஒரு கோபுரத்தின் அலையைவிட ஏறத்தாழ 441 மடங்கு வலிமையாக இருக்கும். ஆனால் சுற்றிலும் அப்படி ஆறு கோபுரங்கள் உள்ளன. 441-ஐ ஆறால் வகுத்தால் சுமார் 73. பேச்சைத் தெளிவாகப் பிரித்தெடுக்க இது போதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோபுரத்தின் அடியில் நிற்பவருக்கு இந்தக் குறுக்கீட்டால் எந்தக் கவலையும் இல்லை. துன்பப்படுபவர் விளிம்பில் நிற்பவரே. அலை வாய்க்காலிலும் ஒரு கடைமடை உண்டு!

முதல் தட்டில் நேரும் மோதல்

தைப்பூசக் கூட்டத்துக்கு மீண்டும் வருவோம். திரையில் தெரியும் கோடுகள் கோபுரத்தின் அலை எவ்வளவு வலிமையாக வருகிறது என்பதையே காட்டுகின்றன. அங்கே உங்களுக்கு இடம் காலியாக இருக்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. அன்று இடங்கள் எல்லாம் நிரம்பியிருக்கலாம். அதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு.

முறை கேட்டுப் பெறுவதற்கு முன் கைப்பேசி, 'நான் இருக்கிறேன், எனக்கு ஓர் இடம் வேண்டும்' என்று கோபுரத்தின் கதவைத் தட்ட வேண்டும். அந்த முதல் தட்டுக்கு முறை கிடையாது. யார் எப்போது தட்டுவார் என்று கோபுரத்துக்கு எப்படித் தெரியும்? இருவர் ஒரே நேரத்தில் தட்டினால் இரு செய்திகளும் மோதிச் சிதைந்துவிடும். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் தலைமையில், தீவுகளில் இருந்த கணினி முனையங்களை வானலையால் இணைக்கும் 'அலோஹா' என்ற வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. அதன் விதி மிக எளியது. அனுப்ப வேண்டியது இருந்தால் அனுப்பு. மோதிவிட்டால், மனம்போன ஒரு நேரம் காத்திருந்து மறுபடியும் அனுப்பு. ஜி.எஸ்.எம். கைப்பேசியின் முதல் தட்டும் இந்த விதியையே ஒட்டியது. 4ஜி, 5ஜி ஆகியவற்றிலும் சற்று மாறிய வடிவில் இது தொடர்கிறது.

இந்த விதி எவ்வளவு வேலை செய்யும்? காலத்தைச் சம துண்டுகளாக்குவோம். பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு துண்டில் பத்தில் ஒரு வாய்ப்போடு தட்டுகிறார்கள். வெற்றி என்பது ஒரே ஒருவர் மட்டும் தட்டி, மற்ற ஒன்பது பேரும் சும்மா இருப்பது. அதற்கான நிகழ்தகவு 10 × 0.1 × 0.9-இன் ஒன்பதாம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 0.39. ஆட்கள் நூறானாலும், நூறில் ஒரு வாய்ப்போடு அடக்கமாகத் தட்டினால் 0.37 கிடைக்கும். இதற்குக் கீழே போவதில்லை. கட்டுப்பாடே இல்லாத விதியில்கூட நூற்றுக்கு 37 துண்டுகள் பயன்படுகின்றன.

இப்போது அந்தப் பத்துப் பேரும் அவசரப்படுகிறார்கள். ஒவ்வொருவரும் இரண்டில் ஒரு வாய்ப்போடு தட்டுகிறார்கள். நிகழ்தகவு 10 × 0.5-இன் பத்தாம் அடுக்கு. அதாவது 10 / 1024. நூற்றுக்கு ஒன்றுதான்! கூட்டத்தில் அழைப்பு போகாதபோது மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவது எல்லோருடைய வாய்ப்பையும், நம் வாய்ப்பையும் சேர்த்துக் கெடுக்கிறது என்பது விளங்குகிறதல்லவா? சில நிமிடங்கள் பொறுத்து அழைப்பதும், பேச்சுக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி அனுப்புவதும் நல்லது. குறுஞ்செய்தி, தடத்தைப் பிடித்துவைத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. கும்பமேளா போன்ற பெருங்கூட்டங்களின்போது தற்காலிகக் கோபுரங்களை நிறுவுவதும் இதற்காகவே. அறைகளைச் சிறியதாக்கினால் ஒவ்வோர் அறையிலும் தட்டுபவர் தொகை குறையும்.

மங்கல் எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது நோயைப் பார்ப்போம். யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைப் படித்திருப்பீர்கள். இரண்டு ஒளியலைகள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் வெளிச்சம்; எதிர்க் கட்டத்தில் சேர்ந்தால் இருள். ஒளிக்கும் வானொலி அலைக்கும் வேறுபாடு அலைநீளத்தில்தான். எனவே இங்கும் அதுவே நடக்கிறது. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை நேராகவும் வருகிறது. சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பியும் வருகிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் வாளிச்சக்கர அகழ்பொறிகள் என்ற பெரும் எஃகு எந்திரங்கள் நிற்கின்றன. அவற்றைப் போன்ற உலோகப் பரப்புகள் வானலைக்குக் கண்ணாடிகளே. இப்படிப் பல வழிகளில் வந்த அலைகள் உங்கள் கைப்பேசியில் சேரும்போது, சில புள்ளிகளில் வலுக்கின்றன. சில புள்ளிகளில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. முந்திரித் தோப்பில் இலைகளும் கிளைகளும் அலையின் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன. எஞ்சியதும் பல வழிகளில் சிதறி வருகிறது.

அலைநீளம் = வேகம் ÷ அதிர்வெண். 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இது சுமார் 16.7 செ.மீ. நேர் எதிராக வரும் இரு அலைகள் சேரும்போது, அடுத்தடுத்த இரு மங்கல் புள்ளிகளுக்கு இடையே அரை அலைநீளம், அதாவது சுமார் 8.3 செ.மீ. இருக்கும். ஒரு சாண் கூட இல்லை! தோப்பில் நின்றவர் சற்று நகர்ந்ததும் பேச்சு தெளிவானதன் காரணம் இதுதான்.

இனி, அவர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்தில் இருக்கட்டும். ஒரு வினாடிக்கு 16.7 மீட்டர். 8.3 செ.மீ.க்கு ஒரு மங்கல் என்றால் வினாடிக்குச் சுமார் 200 மங்கல்கள்! மெய்யான சாலையில் அலைகள் எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் இந்த ஏற்ற இறக்கம் ஒழுங்காக இராது. ஆனால் வேகம் இந்த அளவில்தான் இருக்கும். இத்தனைக்கும் நடுவே பேச்சு தடைபடாமல் கேட்கிறதென்றால் அது எளிய காரியமா?

மங்கலுக்கு மருந்து, ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வது. கோபுரத்தில் இரண்டு ஆன்டெனாக்களைத் தள்ளி வைத்தால், ஒன்று மங்கல் புள்ளியில் இருக்கும்போது மற்றொன்றும் அங்கேயே இருப்பது அரிது. ஒன்று மங்கியிருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், இரண்டும் ஒருங்கே மங்கியிருக்கும் வாய்ப்பு நூறில் ஒன்றுதான். செய்தியை வெவ்வேறு நேரங்களிலும் வெவ்வேறு அதிர்வெண்களிலும் பரப்பி அனுப்புவதும் இதே தத்துவம். எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் அடுக்கக் கூடாது என்று வியாபாரிகளுக்குத் தெரியாதா என்ன?

நெல்லிக்குப்பத்துக்கு வந்த அலை

இந்த அறிவையெல்லாம் ஒன்றுதிரட்டி நம் மாநிலத்திலேயே ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். 1990-களில் கிராமத்துக்குத் தொலைபேசி கொண்டுசெல்வது பெருஞ்செலவு. செம்புக் கம்பியைப் புதைத்து வீட்டுக்கு வீடு இழுப்பதில்தான் செலவின் பெரும்பங்கு போயிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோத்தி கொன்சால்வஸ் முதலிய பேராசிரியர்களைக் கொண்ட குழு, கம்பிக்குப் பதிலாக வானலையைப் பயன்படுத்தும் 'கோர்டெக்ட்' என்ற அமைப்பை, சென்னையிலிருந்த மைடாஸ் நிறுவனத்தோடும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கியது. ஐரோப்பாவில் வீட்டுக்குள் பயன்படும் கம்பியில்லாத் தொலைபேசிக்காக வகுத்த 'டெக்ட்' விதிகளே இதற்கு அடிப்படை.

அதன் அமைப்பைப் பாருங்கள். 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் பத்து அதிர்வெண்கள். ஒவ்வொன்றிலும் 10 மில்லிவினாடிக்கு ஒரு சுற்று. சுற்றுக்கு 24 துண்டு நேரம். பன்னிரண்டு போவதற்கு, பன்னிரண்டு வருவதற்கு. ஆக 10 × 12 = 120 இருவழித் தடங்கள்.

இந்த 120 தடங்களில் யாருக்கு எது என்று பங்கிட்டுக் கொடுக்க மேலே ஒருவரும் இல்லை என்பதே இதன் சிறப்பு. ஏழு அறைத் திட்டம் போன்ற முன்கூட்டிய ஒதுக்கீடும் இல்லை. பேச விரும்பும் கருவி முதலில் தடங்களைக் கேட்டுப் பார்க்கிறது. எதில் இரைச்சல் மிகக் குறைவோ அதைத் தேர்ந்துகொள்கிறது. பேச்சின் நடுவே அத்தடம் கெட்டுப்போனால், வேறொரு நல்ல தடத்துக்கு ஓசையில்லாமல் மாறிவிடுகிறது. ஒவ்வொன்றும் தனக்கு நல்லதைத் தேடும்போதே, மற்றவர் பயன்படுத்தும் தடத்திலிருந்து தானாக விலகியும் நிற்கிறது. குறுக்கீடு என்ற பகையை ஒவ்வொரு கருவியும் காது கொடுத்துக் கேட்டே தவிர்த்துவிடுகிறது!

மங்கலுக்கும் வழி செய்தார்கள். கூரைமேல் ஆன்டெனாவைப் பொருத்தி, கோபுரம் கண்ணுக்குத் தெரியும்படி அதை நோக்கித் திருப்பிவிட்டார்கள். நேர் அலை வலுவாகவும் சிதறிய அலைகள் மெலிந்தும் வருவதால், ஏறக்குறைய 10 கி.மீ. தொலைவு வரை எட்டியது. இடையில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கி.மீ. வரை போகும். பேச்சோடு வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையமும் கிடைத்தது. இன்றைய வேகத்தோடு ஒப்பிட்டால் இது ஆமை நடை. ஆனால் கம்பியே வராத ஊருக்கு அது பெரிய வரவு.

நம் கடலூர் மாவட்டத்தின் நெல்லிக்குப்பத்தில், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு விளைவிக்கும் ஊர்களில் 2000-களின் தொடக்கத்தில் இந்த அலைவழியில் இணைய நிலையங்கள் அமைந்தன. மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் அவ்வாறே அமைந்தன. பின்னர்க் கைப்பேசிச் சேவை மலிந்து பரவியபோது இதன் இடத்தை அது பிடித்துக்கொண்டது. எனினும், கேட்டுப் பார்த்துத் தேர்ந்துகொள்ளும் அந்தக் கொள்கை, தட நெரிசலைத் தவிர்க்க முயலும் பல கம்பியில்லாக் கருவிகளில் இன்றும் வாழ்கிறது.

நோயே மருந்தாகும் விந்தை

இதுவரை மங்கலைப் பகையாகவே பார்த்தோம். 1995-இல் ரேமண்ட் நாப், பியர் ஹம்ப்லே என்ற இருவர் ஒரு புதிய உண்மையை எடுத்துக்காட்டினார்கள். பயனாளர் பலர் இருந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் மங்கியிருப்பதில்லை. ஒருவர் மங்கும்போது இன்னொருவர் உச்சத்தில் இருப்பார். அந்தந்த நொடியில் உச்சத்தில் இருப்பவருக்கு முறை கொடுத்தால் என்ன?

ஓர் எளிய கணக்கால் இதைச் சோதிப்போம். வடலூர்க் கடைத்தெருவில் கோபுரத்துக்கு அருகே ஒரு கைப்பேசி. தொலைவில் தோப்பில் ஒரு கைப்பேசி. கடைத்தெருக் கைப்பேசிக்கு நல்ல நொடியில் 4 அலகு, மங்கிய நொடியில் 2 அலகு செய்தி போகும். தோப்புக் கைப்பேசிக்கு நல்ல நொடியில் 2, மங்கிய நொடியில் 1. இருவருக்கும் நல்ல நொடியும் மங்கிய நொடியும் சம வாய்ப்புடையவை. ஒன்றை ஒன்று சாராதவை. ஆக நான்கு நிலைகள்: இருவரும் நன்று, கடைத்தெரு மட்டும் நன்று, தோப்பு மட்டும் நன்று, இருவரும் மங்கல். ஒவ்வொன்றும் நான்கில் ஒரு வாய்ப்பு.

முதல் விதி: கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறி முறை கொடுப்பது. கடைத்தெருவின் சராசரி 3. பாதி நேரம் கிடைப்பதால் 1.5. தோப்பின் சராசரி 1.5, பாதி நேரத்துக்கு 0.75. மொத்தம் 2.25.

இரண்டாம் விதி: அந்த நொடியில் யாருக்கு அதிகம் போகுமோ அவருக்கே கொடுப்பது. முதல், இரண்டாம், நான்காம் நிலைகளில் கடைத்தெருவே வெல்லும். மூன்றாம் நிலையில் இருவருக்கும் 2. நாணயம் சுண்டிப் பார்க்கலாம். கடைத்தெருவுக்கு (4 + 4 + 1 + 2) ÷ 4 = 2.75. தோப்புக்கு 1 ÷ 4 = 0.25. மொத்தம் 3. மொத்தக் கணக்கைப் பார்த்தால் இதுவே சிறந்தது! ஆனால் தோப்பில் உள்ளவரின் பங்கு மூன்றில் ஒன்றாகச் சரிந்துவிட்டது. வாய்க்காலில் நீர் நிறையப் பாய்கிறது, கடைமடையோ காய்கிறது.

மூன்றாம் விதி: ஒவ்வொருவரையும் அவரவர் சராசரியோடு ஒப்பிட்டு, யார் தம்முடைய நல்ல நொடியில் இருக்கிறாரோ அவருக்குக் கொடுப்பது. இருவரும் ஒரே நிலையில் இருந்தால் நாணயம் சுண்டலாம். கடைத்தெருவுக்கு (2 + 4 + 0 + 1) ÷ 4 = 1.75. தோப்புக்கு (1 + 0 + 2 + 0.5) ÷ 4 = 0.875. மொத்தம் 2.625.

முதல் விதியோடு இதை ஒப்பிடுங்கள். இருவருக்கும் அதே பாதி நேரம்தான். ஆனால் இருவருமே ஆறில் ஒரு பங்கு கூடுதலாகப் பெறுகிறார்கள். இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? மங்கலிலிருந்து! மங்கலே இல்லாமல் இருவருக்கும் சராசரி அளவே எப்போதும் போயிருந்தால் 1.5-ம் 0.75-ம்தான் கிடைத்திருக்கும். ஆட்கள் கூடக்கூட, யாராவது ஒருவர் உச்சத்தில் இருக்கும் வாய்ப்பு மிகும், ஆதாயமும் மிகும். இன்றைய 4ஜி கோபுரம், கைப்பேசிகள் அனுப்பும் தர அறிக்கைகளைப் பார்த்து, ஒரு மில்லிவினாடிக்கு ஒருமுறை இத்தகைய முடிவை எடுக்கக்கூடியது. ஓடும் பேருந்தில் இருப்பவரின் அறிக்கை மட்டும் கோபுரத்தை அடைவதற்குள் பழசாகிவிடும். அதனால் இந்த ஆதாயம் நின்றுகொண்டும் மெல்ல நடந்துகொண்டும் இருப்பவர்களுக்கே முழுமையாகக் கிட்டும்.

யாருடைய அலை?

இரண்டாம் விதிக்கும் மூன்றாம் விதிக்கும் இடையே இயற்பியல் தீர்ப்புச் சொல்வதில்லை. எந்த விதியில் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அது கணக்கிட்டுக் காட்டும். எதைத் தேர்வது என்பது நம் பொறுப்பு. மொத்த வரவை மட்டும் பார்ப்பவர் இரண்டாம் விதியை விரும்பலாம். ஆனால் பாம்பு கடித்தவருக்கு வண்டி வரச்சொல்லி அழைப்பதும், தேர்வு முடிவைத் தேடுவதும் தோப்பின் ஓரத்து வீட்டிலும் நடக்கிறதல்லவா? வானலைகள் பொதுச்சொத்து என்று நம் உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பில் கூறியிருக்கிறது. பொது வாய்க்காலுக்கு உரிய நியதியே பொது அலைக்கும் பொருந்தும். முறை வைக்கும்போது கடைமடையையும் எண்ணித்தான் வைக்க வேண்டும்.

உங்களில் சிலர் நாளை இந்தத் துறைக்குப் போவீர்கள். அப்போது உங்கள் முன்னால் இருக்கப்போவது இதே கணக்குதான். இரண்டு கைப்பேசிக்குப் பதிலாக இரண்டாயிரம் இருக்கும்.

செய்து பாருங்கள்

1. சிறிய எஃப்.எம். வானொலிப் பெட்டியில், தொலைவிலிருந்து மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தைத் திருப்பி வையுங்கள். பெட்டியைக் கையில் பிடித்து அறையில் மெல்ல நடந்து, ஒலி கெடும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். உங்கள் குறிகளின் இடைவெளி எவ்வளவு என்று அளந்து, அரை அலைநீளத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் உடலும் அலையை மாற்றும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

2. ஆறு நண்பர்கள் ஆளுக்கொரு பகடைக்காயை ஒரே நேரத்தில் உருட்டுங்கள். ஆறு விழுந்தால் 'தட்டினார்' என்று பொருள். ஒருவருக்கு மட்டும் ஆறு விழுந்தால் வெற்றி. நூறு தடவை உருட்டி வெற்றிகளை எண்ணுங்கள். ஏறத்தாழ 40 வரவேண்டும். பிறகு இரட்டைப்படை எண் எது விழுந்தாலும் 'தட்டினார்' என்று மாற்றி ஆடுங்கள். வெற்றி ஏறத்தாழ 9-க்குச் சரியும். ஏன் என்று கணக்கிட்டுக் காட்டுங்கள்.

சிந்திக்க

1. 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் அடுத்தடுத்த மங்கல் புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? அதே பேருந்தில் வினாடிக்கு எத்தனை மங்கல்கள்?

2. ஏழு அறைத் திட்டத்துக்குப் பதிலாக மூன்று அறைத் திட்டம் வகுத்தால் ஓர் அறைக்கு எத்தனை உரையாடல்கள் கிடைக்கும்? விளிம்பில் நிற்பவருக்கு என்ன ஆகும்?

விடைகள்: 1. சுமார் 16.7 செ.மீ.; சுமார் 100. 2. 992-ஐ மூன்றால் வகுக்கச் சுமார் 330 (ஏழு அறையில் சுமார் 141). ஆனால் அலைக்கும் குறுக்கீட்டுக்கும் உள்ள விகிதம் 73-இலிருந்து (9 × 9) ÷ 6 = 13.5 ஆகக் குறையும். விளிம்பில் பேச்சு கெடும்.